திருக்கண் பாபாவும் வெள்ளை வட்டங்களும்

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், முகூர்த்தமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நூறு போட்டோகிராபர்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, மேளம் இல்லை. நூறு தோள்களிலும் கேமராப் பைகள் மட்டும் தொங்கின. ஒரு கல்யாணத்துக்கு இத்தனை பேரா என்று ஆட்டோக்காரர் ஒருவர் வாயைப் பிளந்தார். கல்யாணமில்லை, கேமராக்களுக்குத் தோஷம் கழிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆட்டோவுக்கும் கழிப்பார்களா என்று கேட்டுவிட்டு அவரும் வரிசையில் நின்றுகொண்டார்.

உள்ளே எழுந்தருளியிருந்தவர் ஸ்ரீ திருக்கண் பாபா. மனிதர்களுக்குத் தோஷம் பார்க்கிறவர்கள் நாட்டில் ஏராளம். அங்கே போட்டி அதிகம். பாபா புத்திசாலி. கேமராவின் கண்ணில் திருஷ்டி தங்கும் என்ற பேருண்மையை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஆயிரம் கல்யாணத்தைப் பார்த்த லென்ஸ், ஆயிரம் பேருடைய பொறாமையையும் சேர்த்துத்தானே பார்த்திருக்கும்? அதையெல்லாம் விழுங்கிய கேமரா, கடைசியில் முதலாளியின் தொழிலையும் விழுங்கிவிடும். இதுதான் பாபாவின் சாஸ்திரம். கேமராவைக் கண்டுபிடித்தவர்களுக்கே தெரியாத விஷயம்.

வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்றவன் நகரி மோகன்ராஜ். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். போன வைகாசியில் சோறு தின்ன நேரமில்லாமல் புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் பைக்கில் பறந்தவன், இந்த வைகாசியில் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். ஊரில் கல்யாணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள்கூட நலம் விசாரித்தார்களே ஒழிய, தேதி விசாரிக்கவில்லை.

ஏன் என்று நாலு பேரைக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறவனுக்கென்றே நம் நாட்டில் சாமியார்கள் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். சித்தூர் வீடியோகிராபர் கிருஷ்ணப்பா கையைப் பிடித்து இங்கே அழைத்து வந்தார். அவர் தன் கேமராவை ஏற்கெனவே பாபாவிடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கல்யாணம் கிடைத்தது உண்மைதான். அது அவர் தங்கை மகளுடைய கல்யாணம்.

மோகன்ராஜுக்கு இது இரண்டாவது தரிசனம். இரண்டு வாரம் முன்னால் வந்தபோது, கடை ஷோகேஸில் இருக்கும் கல்யாணப் படங்களையெல்லாம் எடுத்துவிடும்படி பாபா உத்தரவிட்டிருந்தார். ஊரான் முகங்கள் திருஷ்டியை இழுக்கின்றனவாம். அவனும் பயபக்தியோடு கழற்றி வைத்தான். மறுநாளே மூன்று பேர் வந்தார்கள். கடை காலியாகிறதா, வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் போனார்கள். பரிகாரம் பலிக்கவில்லை என்றால் தோஷம் ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார் பாபா. வைத்தியம் செய்து நோயாளி படுத்துவிட்டால் நோயாளியைத் திட்டுகிற வைத்தியர் அவர்.

இந்தத் தடவை மோகன்ராஜ் கொண்டு வந்திருந்தது போன வருஷம் வாங்கிய கேமரா. மனைவி ஸ்வர்ணலதாவின் சங்கிலியை விற்று வாங்கியது. அது போய்விட்டால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் பழைய டப்பாதான் மிச்சம். ஸ்வர்ணலதாவும் கூடவே வந்திருந்தாள். பக்தியால் அல்ல, சங்கிலி எங்கே போகிறதென்று பார்க்கத்தான். கடையில் படங்களைத் திருத்துகிறவள் அவள். கணவன் எடுப்பதில் பாதியைக் காப்பாற்றுகிறவள் என்று சொன்னாலும் தப்பில்லை.

வரிசை நகர்ந்தது. பாபாவின் சோதனை முறை எளிமையானது. ஆளை ஒரு பலகைமேல் நிறுத்துவார். இரண்டு கை நிறைய விபூதியை அள்ளித் தலைக்குமேல் தட்டித் தூவுவார். சிஷ்யன் உடனே அந்த ஆளுடைய கேமராவாலேயே, பிளாஷைப் போட்டு, நேருக்கு நேராக ஒரு படம் எடுப்பான். திரையில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதக்கும். அதுதான் தோஷம். பிறகு பன்னீர் தெளித்து, ஒரு நிமிஷம் மந்திரம் சொல்லி, மறுபடி எடுத்தால் வட்டம் இருக்காது. அதுதான் மகிமை.

பாமர ஜனங்கள் ஏமாந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். இங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் போட்டோகிராபர்கள். ஹோமப் புகையிலும் மழைத் தூறலிலும் இதே வட்டங்களை ஆயிரம் தடவை பார்த்தவர்கள். கல்யாண வீட்டில் பார்த்தால் அதற்குப் பெயர் தூசி. சொந்தக் கடை காலியாக இருக்கும்போது பார்த்தால் அதற்குப் பெயர் தோஷம்.

ஸ்வர்ணலதா அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணவன் காதருகில் வந்தாள்.

"ஏங்க, பழைய கேமரா வச்சிக்கினு இருக்கறவனுக்கெல்லாம் லேசா பொடி தூவி, சின்ன தோஷம், தட்டுல காணிக்க போட்டாப் போதும்ன்றாரு. புதுசு வச்சிருக்கறவன் தலையில அள்ளிக் கொட்டறாரு. தோஷத்துக்கு மாடல் நம்பர் எப்பிடித் தெரிஞ்சுது?"

"வாய மூடிக்கினு நில்லு லதா. அவரு காதுல உழுந்துடப் போவுது" என்றான் மோகன்ராஜ்.

அவன் முறை வந்தது. பாபா கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். எடையே அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு தட்டு விபூதி மோகன்ராஜின் தலையில் இறங்கியது. பிளாஷ் மின்னியது. திரையில் அவன் முகத்தைத் தேட வேண்டியிருந்தது, அத்தனை வட்டங்கள்.

"அய்யோ நாயனா, எந்த பெத்த தோஷம், எவ்ளோ பெரிசு பாரு. இது செத்த கண்ணு. இத வச்சிக்கினு இருந்தா கடை மட்டும் இல்ல, குடும்பமே மூடிக்கும். ஸ்வர்ணமுகி ஆத்துல உட்டுடணும். இங்க வச்சிட்டுப் போ, நானே போயி உடுறேன்" என்றார் பாபா.

மோகன்ராஜின் கண்ணில் நீர் வந்துவிட்டது. சங்கிலியும் போய், கேமராவும் போய், இனி என்ன செய்வது என்று நினைத்தான். இருந்தாலும் இரண்டு கைகளும் கூப்பித்தான் இருந்தன. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பயந்தவன் கைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஸ்வர்ணலதா மிகவும் பணிவாக முன்னால் வந்தாள். ஸ்வர்ணமுகியில் இப்போது முழங்காலளவு தண்ணீர்கூட இல்லையே என்று சந்தேகம் கேட்டாள். தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தெய்வத்துக்குத் தெரியும் என்றார் பாபா. தோஷம் கேமராவுக்குள்ளேதான் இருக்கிறதா என்று கேட்டாள். கேமராவின் கண்ணுக்குள்ளே என்று அவர் அடித்துச் சொன்னார். அதைத்தான் அவள் நூறு பேர் காதிலும் விழும்படி சொல்ல வைக்க நினைத்தாள்.

கேமராவை வாங்கி, கணவன் தலையில் இன்னொரு பிடி விபூதியை அவளே தூவினாள். பிளாஷை அணைத்துவிட்டு எடுத்தாள். படத்தில் மோகன்ராஜ் மட்டும் இருந்தான், மாவு மில்லிலிருந்து வந்தவன்போல. ஒரு வட்டமும் இல்லை. திரையைச் சுற்றிலும் காட்டினாள். வரிசை லேசாக முணுமுணுத்தது.

பாபா சும்மா பாபா ஆகவில்லை. வெளிச்சம் பட்டால்தான் தோஷம் கண் விழிக்கும், பிளாஷ் இல்லையென்றால் தூங்கும் என்று கணமும் யோசிக்காமல் விளக்கம் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கிருஷ்ணப்பா எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார். கேமராவைக் கொடுத்துவிட்ட பிறகு ஒரு மனுஷன் வேறு எதைத்தான் ஆட்டுவார்?

"செரி சாமி. ஒங்க போனு சுத்தமானதுதானே?" என்றாள் ஸ்வர்ணலதா.

இமயமலையில் வைத்துப் பூஜித்த போன் என்றார் பாபா. ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினாள். நூறு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தார். அவள் விபூதித் தட்டை அப்படியே பாபாவின் தலைக்குமேல் தட்டி, பிளாஷோடு படம் எடுத்தாள். பாபாவின் தாடியில் பதினெட்டு, மூக்கில் ஒன்று, நெற்றியில் பெரிதாக ஒன்று என்று வட்டங்கள் அருள்பாலித்தன. போனை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக்கொண்டே போனாள்.

"எங்க கேமராவோட தோஷத்த விடப் பெரிசா இருக்குது சாமி. இதையும் ஆத்துல உட்டுடலாம். நானே எடுத்துக்கினு போறேன்."

"ஏய், அது ஐபோனு. குடு இங்க" என்று பாபா ஆசனத்திலிருந்து குதித்துவிட்டார்.

ஆட்டோக்காரர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரிசை முழுவதும் ஓடியது. ஊரார் கேமராவையெல்லாம் ஆற்றில் விடச் சொன்ன மகான், சொந்தப் போனை ஆற்றுப் பக்கம்கூட விடமாட்டார் போலிருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள்.

"ஏமாந்தது போதும். பொடி மேல பிளாஷு பட்டா வட்டம், அவ்வளோதான். வாரத்துக்கு நூறு தோஷத்த நான் கம்ப்யூட்டர்ல தேய்ச்சி அழிச்சிக்கினு இருக்கேன்" என்றாள் ஸ்வர்ணலதா.

கிருஷ்ணப்பாவுக்கு அப்போதுதான் ரத்தம் தலைக்கு ஏறியது. தன் கேமரா எந்த ஆற்றில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சிஷ்யனைத் தள்ளிவிட்டு, பின்னால் பூட்டியிருந்த அறைக் கதவை உதைத்துத் திறந்தார். உள்ளே ஆறு இல்லை. அலமாரி இருந்தது. ஆற்றில் கரைந்த இருபது கேமராக்கள் அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் அதே மண்டபத்தின் பெயர் அச்சடித்திருந்தது.

சிஷ்யனைப் பிடித்து உலுக்கியதில் சங்கதி ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தது. மண்டபக்காரர், இடம், சாப்பாடு, மேளம், போட்டோ எல்லாவற்றையும் ஒரே விலைக்குச் சேர்த்துக் கல்யாணம் பிடிக்கிறார். பாபா அவருடைய மச்சான். பூர்வாசிரமப் பெயர் பிரபாகர். போட்டோகிராபர்களின் கல்யாணங்களை மாமன் எடுத்துக்கொண்டார், கேமராக்களை மச்சான் எடுத்துக்கொண்டார். பறிகொடுத்தவர்கள் இருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பதிக்கு வந்து நாமம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் லட்சம் பேர். கேமராவுக்கே நாமம் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

மோகன்ராஜ் ஒரு கேமராவை எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தான். போன வாரம் இதே மண்டபத்தில் நடந்த முகூர்த்தம். பெண்ணின் அப்பா நகரி விசைத்தறிக்காரர் நாராயணசாமி. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தை எடுத்தவனே மோகன்ராஜ்தான். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், விலை குறைவு, அதனால் இங்கே கொடுத்தேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பார். அதைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் இவன் தலையில் ஒரு தட்டுச் சாம்பலோடு நிற்கிறான். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

போலீஸ் வந்து மச்சானை அழைத்துப் போனது. அவரவர் கேமராவை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கிருஷ்ணப்பா தன்னுடையதை முந்தானையால் துடைக்காத குறையாகத் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு மோகன்ராஜிடம் மெதுவாக, இவன் போலிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காளஹஸ்தியில் ஒருவர் இருக்கிறாராம், அவர் நிஜமாம், வியாழக்கிழமை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மோகன்ராஜ் அதற்குள் நாராயணசாமிக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு மகள் இருக்கிறாளே அண்ணே, அந்தக் கல்யாணத்துக்கு நான் என்ன விலை சொன்னால் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

காளஹஸ்திக்கு வியாழக்கிழமை நல்ல கூட்டமாம். அங்கே போகிறவர்கள் போகலாம். போகுமுன் ஒன்று செய்யுங்கள்: வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறவனை நன்றாகப் பாருங்கள். முட்டாள் மாதிரி தெரிகிறானா? உங்களுக்குப் பின்னால் நிற்கிறவனும் இப்போது ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.