இன்னும் ஒரே ஒரு கோட்டிங்

வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதவர்கள் ஓர் இனம். பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இன்னோர் இனம். இரண்டு பேரையும் உலகம் போதுமான அளவு திட்டியாகிவிட்டது. மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அவர் ஆரம்பிப்பார், ராப்பகலாகப் பாடுபடுவார், முடித்தும் விடுவார். முடிந்துவிட்டது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். சித்தூரில் இருப்பவர் பெயர் ஆர்தர்.

ஆர்தர் திருப்பதியில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் டெக்னீஷியன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். சில வருஷங்களுக்கு முன், ஃபைபரில் வார்த்த வெறும் படகு உடல் ஒன்றை வரவழைத்தார். ஒரு கை நீளம் இருக்கும். ரிமோட்டில் ஓடும் உயிர்காப்புப் படகு செய்யப் போகிறாராம்: நடுக்கடலில் தத்தளிக்கிறவர்களைத் தூக்கி வருமே, கவிழ்த்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளுமே, அந்தப் படகின் சின்ன உருவம். சித்தூரில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். கேட்டவர்களோடு அவர் பேசுவதில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பட்டி வைத்தார், மறுபடி தேய்த்தார், மோட்டாரைப் பொருத்தினார், சுக்கானைப் பொருத்தினார், பித்தளைக் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்தார், அரிசி அளவில் விளக்கு வைத்தார், ஆரஞ்சு பெயிண்ட் அடித்தார், அது காவி மாதிரி தெரிகிறது என்று சுரண்டிவிட்டு வேறு ஆரஞ்சு அடித்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி வருவதற்கு முன் படகு வந்துவிடும். "கண்ணால பாருங்க, கை வெக்காதீங்க."

"எப்பத்தாங்க தண்ணில வுடப் போறீங்க?" என்பாள் மனைவி கிருபாவதி.

"ஆயிப்போச்சு. இன்னும் ஒரே ஒரு கோட்டிங்தான்."

எத்தனையாவது ஒரே ஒரு கோட்டிங்? யார் கண்டார்கள்! உண்மை என்னவென்றால் ஆர்தருக்குப் பயம். மேசைமேல் இருக்கும்வரை எந்தப் படகும் மூழ்காது. தண்ணீரில் இறக்கி அது நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டால்? இத்தனை வருஷப் பெருமையை எங்கே கொண்டு போய் வைப்பது? மனிதர் பாவம், இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக் என்று கொண்டுவந்து ஆலயத்துக்கு வெளியே ஒரு மேசையில் வைப்பார்கள். போதகர் ஜெபம் பண்ணியதும் எல்லாமே ஏலத்துக்குப் போகும்.

"பெண்கள் சங்கத்துல படகப் பாக்கணும்றாங்க. வாயாலயே எத்தினி நாளிக்கி ஓட்டிக்கினு இருப்பீங்க? எடுத்துக்கினு வாங்க" என்றாள் கிருபாவதி.

"பாக்கறதோட சரி. தண்ணி கிட்ட போவாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆர்தர் கிளம்பினார்.

வெயிலில் பெயிண்ட் உப்பிவிடுமே! நிழலில் இருந்தது ஒரே ஒரு மேசை. ஒரு பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் படகை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து, "ஜெபம் பண்ணுவோம்" என்றார் போதகர். நாலு தலைமுறை மிஷன் குடும்பம், ஜெப நேரத்தில் படகைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? ஆர்தர் கண்ணை மூடினார். போதகர் மழைக்கு நன்றி சொன்னார், பலமனேர் தக்காளிக்கு நன்றி சொன்னார், புது போர்வெல்லுக்கு நன்றி சொன்னார். ஆமென் வந்தபோது மேசையில் இருந்ததெல்லாம் ஆண்டவருக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது.

"அது சும்மா பாக்கறதுக்கு வெச்சது!" என்று அலறினார் ஆர்தர்.

ஏலம் விடும் ஜெபகுமார் சபைச் செயலாளர், சட்டம் பேசுகிறவர். "ஜெபம் ஆயிடிச்சிண்ணே. திருப்பிக் குடுக்க முடியாது. வோணும்னா ஏலத்துல எடுத்துக்கோங்க."

ஆர்தர் ஒரு விலை கேட்டார். பின்னால், சந்தடிக்குள்ளிருந்து, யாருடையதென்று தெரியாத ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. ஆர்தர் ஏற்றினார். குரலும் ஏற்றியது. "ஒகட்டோசாரி... ரெண்டோசாரி..." என்று ஜெபகுமார் தெலுங்கில் இழுத்தார்.

"இருப்பா, இன்னும் ஒரே ஒரு தரம் யோசிச்சிக்கினு..."

"மூடோசாரி!"

போயிற்று. திரும்பிப் பார்த்தால், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தைப் பர்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு நிற்கிறாள் கிருபாவதி.

"இன்னாடி பண்ற?"

"படகு வாங்கினேன்." நேராகக் காய்கறி கழுவுகிற சிமெண்டுத் தொட்டிக்கு நடந்தாள்.

"வேணாம் கிருபா! இன்னும் ஒரு கோட்டிங்..."

"என் படகு. நான் வுடறேன்."

விட்டாள். கொஞ்சம் வேகமாகவே விட்டாள். படகு ஒருக்களித்தது, புரண்டது, வயிறு மேலே வந்துவிட்டது. பெண்கள் சங்கம் வாயில் கை வைத்தது.

பிறகு படகு மெல்ல அசைந்தது. ஒரு குலுக்கல். நனைந்த நாய்க்குட்டி மாதிரி தண்ணீரை உதறிக்கொண்டு நிமிர்ந்து நின்றது!

"ஸ்தோத்திரம்!" என்று யாரோ கத்தினார்கள். ஆர்தர் வெட்கமில்லாமல் அழுதார். கிருபாவதி கை நீட்டியதும் பையிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார். வெறும் பார்வைக்கு வந்த படகின் பேட்டரியில் முழுச் சார்ஜ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சேவலை ஏலம் விட மறந்து தொட்டியைச் சுற்றி நின்றது சபை.

சாயங்காலம் வீட்டில் ஆர்தர் படகைத் திருப்பிப் பார்த்தார். தொட்டிச் சுவர் உரசி அடியில் ஒரு கீறல். கை தானாக உப்புத்தாளைத் தேடியது.

"கைய எடுங்க" என்றாள் கிருபாவதி. "சனிக்கெழம ஏரிக்கு எடுத்துக்கினு போறேன். வேணும்னா நீங்களும் வாங்க."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் மேசை டிராயரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்: ஒரே ஒரு தரம் திருத்திவிட்டு அனுப்பலாம் என்று வைத்த கதை, கழுத்துப்பட்டி மட்டும் பாக்கியிருக்கும் ஸ்வெட்டர், நாளைக்குப் பேசிவிடலாம் என்று தினமும் ஒத்திகை பார்க்கிற பேச்சு, ஏதாவது கிடக்கிறதா? அதெல்லாம் இன்னும் முடியவில்லை என்பீர்கள். ஆர்தரும் அதையேதான் சொன்னார். எதற்கும் உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் பணம் சேர்க்கிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.