கிளாரன்சின் பூட்டனாரும் என் அறிமுக உரையும்

ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. (‘காணாட்டியும் அப்பிடித்தான்’ என்பாள் மனைவி.)

கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் ஊர்ச்சங்க ஆண்டு விழா. பத்து வருடமாக எனக்கு முடிவெட்டும் கிளாரன்சைச் சிறப்பு விருந்தினராக அழைத்தவன் நான்தான். அவர் கறுப்பினத்தவர்; அவருடைய பூட்டனார், அதாவது தாத்தாவின் தகப்பன், அமெரிக்க எல்லைப்புறத்தில் குதிரைப்படை வீரராக இருந்து வீரப்பதக்கம் வாங்கியவர். அந்தக் கதையை ஒரு சபையில் ஒருதரமாவது சொல்லவேண்டும் என்பது கிளாரன்சின் நெடுநாள் ஆசை. பதக்கத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கே வந்து தனியே உட்கார்ந்திருந்தார், பாவம்.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைவர் உரை, முன்னாள் தலைவர் உரை. பிறகு அறிமுக உரை, அதாவது நான். இணையத்தில் தேடிப் படித்ததையெல்லாம் முக்கால் மணிநேரம் ஆங்கிலத்தில் முழங்கினேன். பூட்டனாரைக் குதிரையில் ஏற்றினேன், மலையில் ஓடவிட்டேன், தோளில் குண்டும் வாங்கிக் கொடுத்தேன். முன்வரிசையில் மகள் கையைக் கையை ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாளாக்கும் என்று இன்னொரு குண்டு சேர்த்தேன்.

பொன்னாடை போர்த்தி முடிய, மண்டபக்காரர் வந்து மணிக்கூட்டைக் காட்டினார். அடுத்து யாருக்கோ பிறந்தநாள் விழாவாம். கிளாரன்ஸ் ஒலிவாங்கியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“மிக்க நன்றி. ஆனால் நண்பர் சொன்னது வேறொரு வீரரின் கதை.”

ஐயோ! பத்து வருடமாக அவருடைய முடிவெட்டும் கதிரையில் இருந்து நான்தான் அலட்டியிருக்கிறேன். பூட்டனாரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மனைவி பொரிந்து தள்ளினாள். “அந்த மனிசன் எவ்வளவு ஆசையோட வந்தது! நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ.” பிறகு கிளாரன்சிடம் போய், கதையை இங்கேயே சொல்லமுடியுமா என்று கேட்டாள்.

சொன்னார். நல்ல குளிர். பொன்னாடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சொன்னார். வேட்டுகளுக்கு நடுவே மூன்றுதரம் ஆற்றுக்கு ஓடி, காயப்பட்ட தோழர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவராம் பூட்டனார். அதே பதக்கத்தோடு, தான் காவல் காத்த ஊரில் முடிவெட்டப் போனபோது, கறுப்பருக்கு இங்கே வெட்டமாட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரே போய் ஒரு கத்தரிக்கோல் வாங்கினாராம்.

“அதுதான் எங்கள் கடையின் தொடக்கம்,” என்றார் கிளாரன்ஸ். “நாலு தலைமுறையாக, கனடாவுக்கு வந்த பிறகும், வாசலுக்கு வந்த ஒருவரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை.”

பதக்கம் சூழ நின்றவர்களிடையே கைக்குக் கை மாறி வந்தது. ஒருவரும் காரை எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வெட்கத்தோடு அவர் கடை வாசலில் நின்றேன். “வா, இரு,” என்று துணியைப் போர்த்தினார். “இன்றைக்கு நான் பேசுகிறேன்.”

இப்போதெல்லாம் எங்கள் சங்கத்தில் விருந்தினர்தான் முதலில் பேசுவார். நான் எந்த விழாவில் தொண்டையைச் செருமினாலும் மகள் பின்னாலிருந்து கேட்பாள்.

“அப்பா, உது ஆரின்ர பூட்டன்?”