சூடு போட்டால் கேட்கும் பெட்டி

வடக்கனந்தல்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அறிவுச்செல்வன் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம், நான் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. சென்னையில் தங்கள் உடம்பும் உத்தியோகமும் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயம், பொங்கலுக்கு வந்தபோது நம்ம சுபஸ்ரீக்கு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப் பற்றியது. ஆறு வயசுப் பிள்ளைக்குப் படம் காட்டும் என்று பார்த்தால், கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்கென்கிறது. மௌஸ் வேண்டாம், கட்டளையை டைப் பண்ணியே பழகட்டும் என்றீர்கள். படித்தவர் சொல்கிறாரே என்று விட்டேன். போன ஞாயிறு கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறேன், இவள் தன் தம்பி பகலவனை எதிரே உட்கார வைத்து, "சொன்னா கேக்கலன்னா சூடு போடணும்டா. போட்டா இன்னா சொன்னாலும் கேக்கும். மாமாதான் சொல்லிக் குடுத்தாரு" என்கிறாள். நம்ம பக்கம் மாந்தம் வந்த குழந்தைக்கு வயிற்றில் சூடு போடுவது உங்களுக்குத் தெரியாததா? பயல் சட்டையைக் கழற்றி வயிறு, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தேன், அவன் கூச்சத்தில் சிரிக்கிறான், தோசைக் கரண்டி, தீப்பெட்டி, ஊதுபத்தி எல்லாவற்றையும் பரண்மேல் தூக்கிப் போட்டேன், மறுநாள் காலையில் உங்கள் அக்கா கரண்டியைத் தேடிக்கொண்டு என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்புறம் சுபஸ்ரீயே டைப் பண்ணிக் காட்டினாள். அது கம்ப்யூட்டருக்குப் போடும் கட்டளையாம், 'சுடோ'வாம். முடியாது என்று மறுத்த லேப்டாப் அதைப் போட்டதும் பெட்டிப் பாம்பாய் அடங்குகிறது. பயம் போச்சா என்றால் ஜாஸ்திதான் ஆச்சு. எனக்குப் புரியாத இடத்துக்குள்ள என் பிள்ளை போய்க்கினு இருக்கு, விழுந்தா தூக்க எனக்குத் தெரியாது மச்சான், அதான் என் பயமே. நேத்து பெட்டியைத் தட்டிக்கினே "ஒண்ண கில் பண்ணிட்டேம்பா"ன்னு சிரிச்சுக்கினே சொல்லுது, எதைன்னு கேக்கவே தைரியம் வரல. சனிக்கிழமை கட்டாயம் வந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கினு போயிடுங்க.

சின்னசேலம் பக்கம் உங்களுக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் நல்ல பதில் சொல்ல நம் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமன் வீரமுத்து.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, அந்தச் சூட்டை மட்டும் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அழிப்பதற்கு அவள் அடிக்கும் இரண்டெழுத்தை அடித்து, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டேன்; அதற்கு 'எல்லாம்' என்று அர்த்தமாம். கன்னுக்குட்டியைப் பற்றி அவள் எழுதி வைத்திருந்த கதையெல்லாம் போய்விட்டது. சாயங்காலம் வந்தவளிடம், கரண்டு போய்ப் போய் வந்தது, அதில் அழிந்திருக்கும் என்றேன். அவள் மேல் அம்புக்குறிப் பொத்தானை ஒரு தட்டு தட்டினாள். கடைசியாக நான் அடித்தது அப்படியே திரையில் வந்து நின்றது. "ஏம்பா, கரண்டுக்கு டைப் பண்ணத் தெரியுமா?" என்றாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. லேப்டாப் இங்கேயே இருக்கட்டும் மச்சான். சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கினு போயிடுங்க.