ஹால் சுவரில் நடந்த பழுப்புப் போர்

குரோம் நெடியில் மூக்கையும் டிரம் முழக்கத்தில் காதையும் பறிகொடுத்தும் கண்ணை மட்டும் பறிகொடாத பெருவீரன், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் நிறத்துக்குத் தீர்ப்பெழுதும் ஷேடு மாஸ்டர், ஏற்றுமதிப் பழுப்புகள் நாற்பத்தேழையும் பெயர் சொல்லி அழைக்க வல்லோன் ஏசுராஜ் வாழி!

இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் திரைச்சீலை முதல் சோப்பு டப்பா வரை அனைத்தின் நிறத்தையும் தீர்மானித்து அரசாண்டவள், ஆஸ்பத்திரி வார்டையே ஒரு புருவ அசைவில் அடக்கும் நர்ஸ் ஞானசுந்தரி. இந்த ஹால் சுவராவது தன் நிறம் பூண வேண்டும் என்பதே வீரனின் வேட்கை. அந்தோ, அவன் தேர்ந்ததும் பழுப்பு, அவள் தேர்ந்ததும் பழுப்பு. அவனுடையது மயிரிழை வெளிறியது, அவளுடையது மயிரிழை கருத்தது. ஒரே சீருடையில் இரு படைகள் எதிர்நின்றாற்போல, பெயிண்டர் தன்சீல் அகமது சுவரில் இரண்டு பட்டைகள் தீட்டினான்.

"ரெண்டுத்துக்கும் இன்னாங்க வித்தியாசம்? கம்முனு என்னுத அடிச்சிடலாம்" என்றாள் அவள்.

"அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுக்கறான்."

களம் புகுமுன் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பது ஷேடு சாத்திரம். ஆகவே அரைமணி நேரம் டீக்கடையில் தவமிருந்து, குகை விட்ட சிங்கமெனத் திரும்பி, ஜன்னல் திறந்து, பகலொளியை உள்ளழைத்து, தோலைப் பார்ப்பதுபோலவே தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண் சுருக்கி, வெளிறிய பட்டையைக் கண்டுகொண்டு, லட்சம் தோல்களின் தலைவிதி எழுதிய மார்க்கரை உருவி, அதன்மேல் தேதியோடு கையெழுத்திட்டு முழங்கினான்:

"இதான் என் கலரு. ஓகே. ஆரம்பி."

தன்சீல் தலையைச் சொறிந்தான். "அண்ணே, அது அக்கா கலரு. நீங்க டீக்குப் போனப்ப அதுக்கு மட்டும் இன்னொரு கோட்டிங் போடச் சொன்னாங்க. ஈரமா இருக்கறதால வெளுப்பாத் தெரியுது. தோலுதான் காஞ்சா வெளுக்கும். பெயிண்டு காஞ்சா கருக்கும்ணே."

தேரச்சு முறிந்து, குதிரை சாய்ந்து, கொடியும் கிழிந்து, முரசறைவோனும் முதுகுகாட்டிப் போய்விட்ட களத்தில் தனியே நிற்கும் மன்னன்போல் நின்றான் மாவீரன்.

"ஃபேக்டரில கையெழுத்துப் போட்ட ஷேட மாத்துவீங்களா?" என்று மெல்லக் கேட்டாள் ஞானசுந்தரி.

அவன் ஒருநாளும் மாற்றியதில்லை.

தன்சீல் சுவரில் வேலையைத் தொடங்க, ஏசுராஜ் சோஃபாவை நகர்த்திப் போட்டார்.