பம்பர் சித்தரின் அருள்வாக்கு

சிதம்பரம் பைபாஸில் காவடி போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் நின்றவர்கள் தோளில் இருந்தவை எல்லாம் உடைந்த பம்பர்கள். வெள்ளை, சிவப்பு, நம்பர் பிளேட்டோடு தொங்குவது, ஹெட்லைட்டோடு பெயர்ந்து வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வரிசை டீக்கடையைத் தாண்டிவிட்டது. எல்லாம் பம்பர் சித்தரைப் பார்க்கத்தான்.

வண்டி ஏன் மோதியது என்று சித்தர் வண்டியையே கேட்டுச் சொல்வாராம். உடைந்த பம்பரை அவர் முன்னால் வைத்துவிட்டு, வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக அதன் எதிரே நடக்க வேண்டும். தோஷக்காரர் வந்தால் பம்பர் அழும். பிளாஸ்டிக் அழுமா என்று கேட்கக் கூடாது. கேட்பவர்களுக்கென்று தனியாக ஒரு தோஷம் வைத்திருந்தார்.

கடலூரிலிருந்து வந்த வினோதினி ஒரு பம்பரின் இடது முனையைப் பிடித்திருந்தாள். வலது முனையில் கணவன் சிலம்பரசன். பின்னால், பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதத்தோடு மாமியார் தில்லையம்மாள்.

போன வாரம் சிப்காட் பக்கத்தில், வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்னால் சிலம்பரசன் காரைக் கொண்டுபோய் முட்டினான். கண் ரோட்டில் இல்லை. கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோரில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினோதினிக்கு அது தெரியும்; அவள் சொன்னால் மாமியார் நம்பமாட்டாள். அம்மாவிடம் மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை.

மஞ்சக்குப்பம் மெக்கானிக் மரியலூர்து, "பம்பர், கிரில், உள்ள இருக்கற பிராக்கெட் மாத்துனா போதும்மா, அர நாள் வேல" என்றார். புதுப் பம்பரும் வந்து இறங்கிவிட்டது. தில்லையம்மாள்தான் மாட்ட விடவில்லை.

"பழசு என்னா சொல்லுதுன்னு கேக்காம புதுச மாட்டுனா அதுவும் இடிக்கும். இவ முன்னாடி உக்காந்ததாலதான் இடிச்சுதுன்னு எனக்குத் தெரியும். பம்பர் இவளக் காட்டுச்சுன்னா, காட்டுமன்னார்கோயிலுக்கே போவட்டும், அவுங்க அம்மா வூட்டுக்கு!"

சிலம்பரசன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்ன ஒரு ஆம்பளை!

வாசலில் டோக்கன் கொடுத்தவன், "வூட்ல யார் மேலம்மா சந்தேகம்?" என்று பணிவாகக் கேட்டான். மாமியாரின் கண் போன திசையைப் பார்த்துக்கொண்டான். உள்ளே போய்ச் சித்தரின் காதோடு ஏதோ ஓதினான்.

சித்தர் சிவப்புத் துணி விரித்த உயரப் பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பட்டு போர்த்திய ஸ்டூல், அதன்மேல் இவர்கள் பம்பர். "ரோட்ல எப்படியோ அப்படியே, செருப்போட நடங்க" என்றார். சிலம்பரசன் நடந்தான். சத்தமில்லை. ஊதாச் செருப்போடு வினோதினி நடந்தாள்.

"கூஊஊ!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "நான் சொன்னேன்ல!" என்று தில்லையம்மாள் குதித்தாள். வினோதினிக்குக் கோபம் வந்தது. பம்பர் மேல் என்ன கோபம்? கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த புருஷன் மேல்தான்.

"சாமி, பம்பருக்குக் கண்ணு இருக்குங்களா?"

"கண்ணு எதுக்கும்மா? ஞானம் இருக்குது. மூடி வெச்சாலும் தோஷத்த மோப்பம் புடிச்சிடும்."

"அப்ப நாங்க மூடிக்கிட்டு வர்றோம். இன்னொரு வாட்டி அழுவட்டும், நானே பொட்டியக் கட்டிக்கிறேன்."

இனாமாக இன்னொரு வேடிக்கை என்றால் கூட்டம் விடுமா? "செய்ங்க சாமி!" என்று கத்தியது. சித்தர் ஊதாச் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். யாரோ காருக்குப் போர்த்துகிற உறையை எடுத்து வந்தார்கள். மாமியாரும் மருமகளும் தகரத் தடுப்புக்குப் பின்னால் போனார்கள்.

"அத்த, செருப்ப மாத்திக்கலாமா?"

"எதுக்குடி?"

"பம்பரு செருப்பப் பாத்து அழுவுதா, தோஷத்துக்கு அழுவுதான்னு தெரிஞ்சிடுமில்ல?"

"மாத்துடி! எந்தச் செருப்பப் போட்டாலும் உன்னத்தான் காட்டும். எங்க சாமிய என்னான்னு நெனச்ச?"

முதலில், தலையோடு போர்த்திய உறைக்கு அடியில் மாமியாரின் தேய்ந்த பழுப்புச் செருப்பு வந்தது. பம்பர் கம்மென்று இருந்தது. அடுத்து ஊதாச் செருப்பு.

"கூஊஊஊ!"

சித்தர் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தீங்களா! மூதேவி மூடிக்கிட்டு வந்தாலும் தப்ப முடியல! இவ கால் வெச்ச வூடு வெளங்காது!"

உறை விலகியது. தலை கலைந்து, மூச்சு வாங்க, தில்லையம்மாள்.

"யோவ்! யாரப் பாத்துய்யா மூதேவின்ற? அன்னைக்கி நான் வண்டியிலயே இல்ல! வூட்ல பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தேன்!"

சொல்லிக்கொண்டே பட்டைப் பிடித்து இழுத்தாள். ஸ்டூலுக்கு அடியில், லாரி பின்னால் வரும்போது கத்துமே, அந்த ரிவர்ஸ் ஹாரன். அதிலிருந்து ஒயர் போய்ச் சித்தரின் கால் கட்டைவிரலுக்குக் கீழே சுவிட்சில் முடிந்தது. வரிசையில் நின்ற லாரி டிரைவர் அமுக்கிப் பார்த்தார். கூஊஊ. சித்தர் தகரத் தடுப்பை எகிறிக் குதித்தார். வேட்டி மட்டும் ஆணியில் தங்கிவிட்டது.

தில்லையம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். "அப்ப எதனாலடா இடிச்சுது?"

"போன்ல... ஸ்கோரு பாத்துக்கிட்டு இருந்தேம்மா."

"மொதல்லயே அவரக் கேட்டிருக்கலாமில்ல அத்த?" என்றாள் வினோதினி. "வாய் இருக்கற புள்ளய வுட்டுட்டு, வாயில்லாத பம்பரக் கேட்டு என்ன வூட்ட வுட்டு அனுப்பப் பாத்தீங்களே!"

பம்பரின் ஒரு முனையை மாமியாரே தூக்கிக்கொண்டாள்.

அவ்வளவுக்கும் பிறகு, வரிசையில் நின்ற ஒருவர் பம்பரைத் தோள் மாற்றிக்கொண்டு, "வேற எங்கனா நல்ல பம்பர் சாமி இருக்காராங்க?" என்று விசாரித்தார்.

ஐயா, பம்பர் இருப்பது இடி வாங்க. தலை இருப்பது யோசிக்க. யோசிக்கிற வேலையைப் பம்பரிடம் கொடுத்துவிட்டால், இடியைத் தலைதான் வாங்க வேண்டும்.