ஆறு மணிக்குப் போட்ட பத்துப் பாட்டு

நான் பயந்தவன். மைக் செட் வைத்திருப்பவன் தைரியசாலி என்று ஊரில் நினைக்கிறார்கள். சத்தம் போடுவது ஸ்பீக்கர்தான், நான் இல்லை.

புதுப்பட்டினத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் என் செட்தான். எங்கள் பக்கம் பழைய பாட்டு மட்டும் போடும் சின்ன ரேடியோ ஸ்டேஷன் ஒன்று உண்டு. போட்டதையே போடுகிறார்கள் என்று ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். சரி, நேயர்களைக் கேட்டே பாட்டை மாற்றுகிறோம் என்றார்கள். ஸ்டேஷன் மேடம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சென்னைப் பெண்.

"ஏழுமலை அண்ணா, ஜனங்க உங்ககிட்ட ரொம்ப அதிகமா கேக்குற பத்துப் பாட்டு சொல்லுங்க."

யோசித்தேன். (அதுதான் தப்பு.) கல்யாண வீட்டில் ஆளுக்கொரு பாட்டு கேட்பார்கள். சாவு வீட்டில் அப்படி இல்லை. எந்தத் தெருவானாலும் அதே பத்துப் பாட்டு. பிணம் எடுக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். அப்போ அதுதானே அதிகம்? பத்தையும் சொன்னேன்.

"எல்லாமே தத்துவப் பாட்டு! சூப்பர்ண்ணா" என்று எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவிலிருந்து முதல் பாட்டு வந்தது. டீக்கடை தனசேகர் ரேடியோ வைக்க நான் கட்டிக் கொடுத்த ஹாரன். கடைக்குப் பின்னாலேயே அவன் வீடு. அங்கே அவன் அப்பா மூன்று மாதமாகப் படுக்கையில்.

வாயில் நுரையோடு உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, பெரியவரு பூட்டாரா? நீ இங்க குந்திகினு கீற, யாரு செட்டு போட்டது?"

"ரேடியோ" என்றேன்.

"ரேடியோவுல இன்னாத்துக்கு சாவுப் பாட்டு?"



உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். பீரோவுக்குப் பின்னால் நின்றேன். ஏழாவது பாட்டில் ஆட்கள் வந்து இழுத்துப் போனார்கள்.

தனசேகர் ரேடியோவைப் போட்டுவிட்டுப் பால் எடுக்கப் போயிருந்தானாம். திரும்பி வந்தால் வாசலில் பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி. மோளக்காரர்கள் தீ மூட்டி மோளம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ரேடியோவை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. தனசேகரின் தம்பிகள் மூன்று பேரும் கரையிலிருந்து ஓடி வந்திருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள். கை ஒவ்வொன்றும் துடுப்பு.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாலையோடு உள்ளே நுழைந்த மச்சினனைப் பார்த்த அதிர்ச்சியில் எழுந்தவர்தான். மாலை மடியில் கிடந்தது. வாசலில் இருந்த பெண்களுக்கு அது தெரியாது, ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசித் தம்பி என் சட்டையைப் பிடித்தான். "யோவ், எங்க நைனா உசுரோட கீறாரு. நீ பாட்டு போடுறியா?"

"நான் போடலப்பா. ரேடியோவுல..."

பத்தாவது பாட்டு முடிந்தது. மேடம் குரல் ஊருக்கே கேட்டது: "இந்தப் பாடல்களைத் தேர்ந்தெடுத்துத் தந்த புதுப்பட்டினம் மைக் செட் ஏழுமலை அண்ணனுக்கு நன்றி!"

ஒப்பாரி நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லுங்கி நடுங்கியதைத் தெருவே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. பெரியவர் குரல்தான் விழுந்தது.

"அவன வுட்றா. ஏழுமல, அந்த நாலாவது பாட்டு எனக்குப் புடிக்கல. அத்த தூக்கிடு."

"இன்னா நைனா பேசற!" என்றான் தனசேகர்.

"எனக்குப் போடுற பாட்ட நான்தான்டா சொல்லணும். எழுதிக்கடா ஏழுமல."

டீக்கடைப் பேப்பரில் எழுதினேன். பத்தையும் எழுதி, நாலாவதை அடித்துக் காட்டினேன்.

ஸ்டேஷன் மறுநாளே பாட்டுகளை மாற்றிவிட்டது. பெரியவர் இன்னும் இருக்கிறார். வாரம் ஒருமுறை போன் செய்து ஒரு பாட்டைத் தூக்கச் சொல்கிறார், ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க நான் போனால் மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே கேலிதான். யாருக்காவது லேசாகக் காய்ச்சல் என்றால், மாத்திரை தேடுவதற்கு முன் என் மகள் அவள் அம்மாவைக் கேட்பாள்:

"நைனா எதுனா பாடுச்சா?"

பாடுவதில்லை. குளிக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் குளிக்கிறேன்.