மூன்றேகால் லிட்டர்

சுண்ணாம்புக்குளம்,
வியாழக்கிழமை.

அன்பும் அதட்டலும் நிறைந்த அக்கா குணசுந்தரிக்கு, உன் ஒரே தம்பி தாமோதரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் இருசம்மாளும் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும், உன் இரண்டு கிட்னிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நான்கு சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நாளைக் காலை எல்லப்பன் மீஞ்சூருக்கு இறால் எடுத்து வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கிட்னி எனக்கு வேண்டாம். போன மாதம் கிட்னி டாக்டர் என் ஸ்கேனையும் ரத்த டெஸ்டையும் பார்த்து, கிட்னியில் கல் இருக்கிறது, கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்று சொல்லி வாயை மூடவில்லை, நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, "என்னோடதுல ஒண்ண எடுத்து இவனுக்கு வச்சிடுங்க டாக்டர்" என்றாய். ஏதோ பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை கொடுப்பது மாதிரி. அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை என்று அவர் சிரித்தார். அத்தோடு விட்டாயா? இவன் படகு ஏறினால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டான் என்று போட்டுக்கொடுத்தாய். தினமும் மூன்று லிட்டர் குடிக்கிறேன், நைனாமேல் சத்தியம் என்று நான் சொன்னேன். டாக்டர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைக் கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை அதில் பிடித்து லேப்பில் கொடுக்க வேண்டும். இரண்டரை லிட்டருக்கு மேல் வந்தால் நான் ஜெயித்தேன், குறைந்தால் நீ ஜெயித்தாய்.

இதற்கு நடுவில் குப்பத்துக்கு இந்த நோயைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பத்து வருடமாக வியாதி குடலில், இப்போது கல் மட்டும் எப்படிக் கிட்னியில் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். புண்ணான குடல் உறிஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு உறிஞ்சக் கூடாததை உறிஞ்சுகிறதாம், அது போய்க் கிட்னியில் கல்லாக உட்காருகிறதாம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆளாளுக்கு வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அங்கமுத்து மாமா ஒரு சொம்பு சாறு கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். கல் கரைந்ததோ இல்லையோ, குடல் அன்று முழுக்க என்னை ஓட ஓட விரட்டியது. இப்படி வயிற்றால் போனால் உடம்பில் தண்ணீர் வற்றும், வற்றினால் கல் வளரும் என்று கிட்னி டாக்டர் திட்டினார். கண்டதைக் குடிக்காதே என்று குடல் டாக்டர் திட்டினார். இடுப்பு வலிக்கு நானாக மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கேனோடு மீஞ்சூருக்கு வந்து ஒரு நாள் உன் வீட்டில் இருந்து பிடித்துக் கொடு என்று நீ கூப்பிட்டாய். உன் வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். மாமா ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் ஊர்ச் செய்தி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். என் குடலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதுவும் இல்லாமல் திங்கட்கிழமை ஏரியில் எங்கள் பாடு, வலை கட்டுகிற முறை. சீட்டில் வந்த முறைக்கு நாம் போய் வலை கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கேனும் என்னோடு படகேறிப் பாட்டுக்கு வந்தது. சூடு படக் கூடாது என்று லேப்பில் சொன்னதால் ஐஸ் பெட்டியில் வைத்தேன். அது தெரிந்ததும் என் வீட்டுக்காரி இருசம்மாள் பெட்டியை மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவிவிட்டு, இனிமேல் அந்தப் பெட்டியில் வருகிற மீனை நீயே ஆக்கி நீயே தின்னு என்று சொல்லிவிட்டாள்.

ஒரே படகில் வருகிற எல்லப்பனுக்கும் அவன் தம்பி ரஞ்சித்துக்கும் கேனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். இரண்டரை லிட்டர்க் கோட்டையும் காட்டினேன். இரண்டு பேரும் ஏதோ வலையைப் பார்ப்பது மாதிரி அதைக் கவனமாகப் பார்த்தார்கள். பிறகு நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்றுவதும், ஏறுவதும், கேனைத் தேடுவதுமாக அந்த நாள் போயிற்று. நான் நாலு முறை போனதாகத்தான் ஞாபகம். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் மூன்றேகால் லிட்டர். எனக்கே பெருமையாக இருந்தது.

நேற்று ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் அசந்துபோனார். தண்ணீர் விஷயத்தில் உங்கள்மேல் தப்பே இல்லை, அப்படியென்றால் குடலுக்குப் போடுகிற மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, குடல் டாக்டரிடம் பேசித் திங்கள் முதல் அதை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். ஆறு வருடமாக என்னை மனிதனாக நடமாட விட்டது அந்த மாத்திரைதான். நிறுத்தினால் என்ன ஆகுமோ தெரியவில்லை. ஆனாலும் அக்கா, குற்றவாளி மாத்திரை, நான் இல்லை. இதை நீ நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பேத்திக்கு முத்தம். எல்லம்மா புண்ணியத்தில் உன் வீட்டில் எல்லோருக்கும் உள்ளே போவது சுலபமாகப் போய், வெளியே வருவது சுலபமாக வரட்டும்.

இப்படிக்கு,
டெஸ்டில் ஜெயித்த தம்பி,
தாமோதரன்.

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் நம்பாதே.

கடிதத்தை வாங்க எல்லப்பன் இப்போதுதான் வந்தான். கிட்னிக்குத் தண்ணீர் குறையே இல்லையாம், ரிப்போர்ட் பிரமாதம் என்று சொன்னேன். அவன் முகமெல்லாம் பல்.

"வராம பின்ன? மூணு பேரு சேந்து ரொப்பினோமே."

"இன்னாடா சொல்ற?"

"நீ தண்ணில நின்னுனு இருந்தப்போ கேனைத் தொறந்து பாத்தேண்ணா. அடில கொஞ்சூண்டு கெடந்துச்சி. டாக்டரு ரெண்டரை லிட்டரு கேக்குறாருனு நீதானே சொன்ன? எங்க படகுல வந்த ஆளு கொறையா எடுத்துனு போறதானு நானும் ரஞ்சித்தும் மோரைக் குடிச்சிக் குடிச்சி ரொப்புனோம்."

பிடித்த மீனைப் பங்கு போடுகிறவன் இதிலும் பங்கு போட்டிருக்கிறான். அவனை நான் எப்படித் திட்டுவேன்? போன மார்கழியில் நடு ஏரியில் எனக்கு வயிறு கட்டுக்கடங்காமல் போனபோது, கரைக்கு அரை மணி நேரம் இருந்தது. நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அன்று முகம் சுளிக்காமல் தண்ணீர் மொண்டு ஊற்றிப் படகைக் கழுவியவன் எல்லப்பன்தான். அந்த வெட்கத்தில்தான் பாடு வருகிற நாளுக்கு முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. நைனாமேல் செய்த சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செய்யாத குற்றத்துக்கு அந்த மாத்திரையை நிறுத்தப் போகிறார்கள். அதனால் நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து புதுக் கேனோடு நேராக உன் வீட்டுக்கு வருகிறேன், மாமாவைக் கொஞ்சம் சீக்கிரம் வெளியே வரச் சொல். உன் கிட்னி வேண்டாம் என்று எழுதினேனே, அந்த வரியை இப்போதைக்கு அடித்துவிட்டுப் படி. பொய் சொன்னதை டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும். குறுக்கே பேசினாலும் பரவாயில்லை.